வலது விளக்கு, இடது விளக்கு, முன் கண்ணாடி

வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்வது கார் ஹெட்லைட்டின் பின்கூடு. விளக்கின் முகம் எல்லோருக்கும் தெரியும். முதுகைப் பார்ப்பவர்கள் எங்களைப் போன்ற சிலர்தான். கறுப்பு பிளாஸ்டிக், நாலைந்து துளைகள், ஓர் ஓரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள், நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், ஓர் அம்புக்குறி. அம்பு எந்த எண்ணைக் காட்டுகிறதோ அந்த மாதத்தில் அந்தக் கூடு வார்க்கப்பட்டது. எந்தக் கம்பெனி செய்தாலும் ஏறக்குறைய இதே முறைதான். கண்ணாடி, டயர், சீட் பெல்ட் என்று காரில் இருக்கும் பொருள்களில் பாதிக்குமேல் பிறந்த தேதியை உடம்பில் எங்கோ ஒளித்து வைத்திருக்கும். இருபத்து மூன்று வருடமாக நான் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். தேதி பார்க்காமல் ஒரு பொருளைக் கையில் எடுக்க எனக்குத் தெரியாது.

இது வெளியே தெரிந்ததுதான் என் கஷ்டம். பழைய பைக் வாங்குகிறவர்கள், பழைய ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள், ஒரு முறை பழைய தையல் மெஷின் வாங்குகிற பெண்மணி, எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவார்கள். ஆறு நாள் கன்வேயர் முன்னால் நின்று ஓகே, ரிஜெக்ட் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, ஏழாவது நாளும் யாரோ ஒருவருடைய பொருள் முன்னால் குனிந்து அதையே சொல்ல வேண்டும். போன பத்து வருடத்து நாட்குறிப்புகளைப் புரட்டினால், ஞாயிற்றுக்கிழமைகளில் "ஓய்வு" என்று எழுதிய பக்கங்களை எண்ண விரல்களே போதும்.

ஐப்பசி மாதம் மூன்றாவது ஞாயிறும் அப்படித்தான் போயிற்று. அந்த வாரம் எனக்கு சி ஷிப்ட், இரவு வேலை. காலை ஆறரைக்கு வெளியே வந்தேன். கேட் எதிரே டீக்கடையில் அவன் காத்திருந்தான்.

அவன் எங்கள் டெஸ்பாட்ச் இன்சார்ஜ். மண்ணூர்க்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன். அவர்கள் குடும்பத்து நிலம் ரோட்டுக்குப் போனது, அந்தப் பணத்தில் வீடு கட்டியது, இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் செய்தது, எல்லாம் கேன்டீனில் அவன் வாயாலேயே கேட்டவை. பதினெட்டு வருடமாகப் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு டிரெய்லர்கள் போவதைத் தினமும் பார்த்தவன். தனக்கென்று ஓட்டியது ஒரு மொபெட்டும் பிறகு ஒரு பைக்கும்தான். நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்துவிட்டது.

"ரெண்டு டோரு அண்ணா. ரெண்டே சீட்டு. பின்னால பேருக்கு ஒரு சீட்டு கீது, அதுல கொயந்தகூட ஒக்கார முடியாது. நீலக் கலரு. ஒரே ஓனரு. ஒன்பது லட்சம் சொல்றாங்கோ."

"உங்க வீட்டில நாலு பேரு."

"ஒன்னோட தங்கச்சியும் அதத்தான் சொல்லுது. மீதி ரெண்டு பேர இன்னா டிக்கிலயா போடுவேன்னு கேக்குது." தன் மனைவியை எனக்குத் தங்கச்சி என்று உறவு சொல்லிக் கட்டிப்போட்டால் நான் மறுக்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். "நீ வந்து பாரு அண்ணா. நீ ஓகேன்னா ஓகே. ரிஜெக்ட்டுன்னா பைக்க திருப்பிகினு வந்துடலாம்."

தூங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "பத்து நிமிசம்" என்றான். அவன் பைக்கின் பின்னால் ஏறினேன்.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கீழே தூண்களுக்கு நடுவில் கவர் போட்டு நின்றது கார். விற்கிறவர் ஒரு மெஷின் கம்பெனியில் மெயின்டனன்ஸ் மேனேஜர், ஐம்பத்து நான்கு வயது. திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து இருபது வருடமாகியும் வீட்டுப் பேச்சு மாறவில்லை. அவருடைய மனைவிதான் முன்னால் வந்து பேசினார்.

"வாங்க, இரிங்க. காபி குடிச்சிட்டுப் பாக்கலாமே. வண்டி எங்கேயும் ஓடிராது. எட்டு மாசமா அங்கனயேதான் நிக்கி."

"ஏன் மேடம் விக்கிறீங்கோ?" என்றான் இவன்.

"இவுகளுக்கு முதுகு வலி. தாழ்ந்த வண்டி பாத்தியளா, குனிஞ்சி ஏற முடியல, இறங்க முடியல. இப்ப கம்பெனி பஸ்லதான் போறாக."

கணவர் சோபாவில் உட்கார்ந்து, எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தார். காபி வந்தது. எங்கள் டம்ளர்களை டீபாய் மேல் வைத்த அந்த அம்மா, அவருடையதை மட்டும் கையில் கொடுத்து, விரல்கள் பிடித்த பிறகே தன் கையை எடுத்தார். சூடாக இருக்கும் என்று நினைத்தேன்.

பழைய காருக்கு நியாயமான விலை என்று ஒன்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இன்டர்நெட்டில் போட்டிருப்பது விற்கிறவர்கள் ஆசைப்படும் விலை. இன்ஷூரன்ஸ் தாளில் இருப்பது கம்பெனி கொடுக்கச் சம்மதிக்கும் விலை. இரண்டுக்கும் நடுவில் எங்கோ, இந்தக் கார் இத்தனை நாள் எப்படி வாழ்ந்தது என்பதைப் பொறுத்து ஓர் இடம் இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் சிக்கல். வாங்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர். ஸ்பேர் பார்ட்ஸ் விலை அதிகம். இந்த மாடலைச் செய்தவர்கள் கொஞ்ச காலம் விற்றுவிட்டு இங்கே நிறுத்தியும் விட்டார்கள். அதனால் விலை இறங்க வேண்டும். ஆனால் கண்டிஷனில் இருக்கும் ஒன்று கிடைப்பது அபூர்வம் என்பதால் ஏறவும் வேண்டும். அதனால் கார் முன்னால் முட்டி போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

பார்த்தேன். எட்டு மாதம் நின்ற வண்டி, இரண்டாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. கதவு இடுக்குகளில் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இடமும் வலமும் ஒரே இடைவெளி. பெயின்ட் எங்கும் ஒரே நிறம். பானெட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளைப் பார்த்தேன். ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. டயர் நாலும் காரோடு பிறந்தவை, ஆறு வருடம். மாற்றியே ஆக வேண்டும். அதற்கு ஐம்பதாயிரம் கழிக்கலாம். எட்டரை என்று மனத்துக்குள் ஒரு விலை வந்து நின்றது.

இடையில் அவனை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னேன். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். காரில் உட்கார்ந்தது போலவே இல்லை, ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது போல இருந்தது. கன்டெய்னர் லாரிகளின் சக்கரம் எங்கள் தலைக்கு மேலே சுற்றியது. திரும்பும்போது குடியிருப்பு வாசலில் இருந்த ஸ்பீடு பிரேக்கர் காரின் அடிவயிற்றை உரசியது. கராக் என்று சத்தம். அவன் அதைக் கேட்டு வாய்கொள்ளாமல் சிரித்தான்.

"மண்ணூருக்குள்ள இந்த மாதிரி எத்தினி ஸ்பீடு பிரேக்கரு கீது தெரியுமா?"

"ஏழு" என்றேன். எண்ணி வைத்திருந்தேன்.

"ஏழு தபா சத்தம் கேக்கும். எவன் வரான்னு ஊருக்கே தெரியும்."

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும், பழக்க தோஷம், பையிலிருந்து என் சின்னக் கண்ணாடியை எடுத்தேன். பல் டாக்டர் வைத்திருப்பது போலக் குச்சியில் பொருத்திய வட்டக் கண்ணாடி. டார்ச் அடித்து, பானெட்டுக்குள் கண்ணாடியை நுழைத்து, ஹெட்லைட்டின் முதுகைப் பார்த்தேன். இடது விளக்கின் வட்டத்தில் இருந்த வருடம், காரின் வருடம் இல்லை. முன் கண்ணாடியின் மூலையில் இருந்த குறியும் காரைவிடப் பிந்தியது. வலது விளக்கும் அப்படியே. மூன்றையும் பார்த்த வரிசையிலேயே சட்டைப்பை நோட்டில் எழுதினேன். எழுதும்போதே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. இரண்டு விளக்கும் முன் கண்ணாடியும் மாற்றியிருந்தால் முன்னால் பலமான அடி.

போல்ட்டுகளில் தடம் இல்லை என்பது இடித்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். நல்ல பட்டறையில் போல்ட்டையும் மாற்றிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மணி நேரம் நின்ற கால்கள். அந்தக் கேள்விக்குறியோடு அன்று உட்கார எனக்குத் தெம்பு இல்லை. எங்கள் வேலையில் ஒரு தட்டில் இருக்கும் கூடுகளில் ஒன்றின் தேதி மாறியிருந்தால் காரணம் கேட்க மாட்டோம். சிவப்புப் பெட்டிக்குத் தள்ளுவோம். அதையே செய்தேன்.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். "சார், முன்பக்கம் ஆக்சிடென்ட் ஆன வண்டி மாதிரி தெரியுது. ரெண்டு ஹெட்லைட்டும் கண்ணாடியும் பிற்பாடு மாத்தினது."

அந்த அம்மா முகம் வெளுத்துவிட்டது. "ஆக்சிடென்டா? எப்பங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

அவர் மறுக்கப் போகிறார் என்றுதான் எதிர்பார்த்தேன். மறுக்கிறவர்களை எனக்குப் பழக்கம்.

"எங்கயாவது லேசா பட்டிருக்கும்" என்றார்.

"பட்டிருக்குமா? பட்டுச்சா, பட்டிருக்குமா?"

"விடு. எப்பவோ நடந்தது."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலியே? எதிர்ல வந்தவுகளுக்கு?"

"ஒண்ணும் ஆகல."

"இத்தன நாளு வாயத் திறக்கல பாருங்க" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். குரல் உடைந்திருந்தது. உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேரம் என்று ஒன்று நடக்கவே இல்லை. அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காரை மறுபடி விற்பது கஷ்டம், ஏழுக்கு மேல் நியாயம் இல்லை என்றேன். அவர் "சரி" என்றார். இரண்டு லட்சத்தை ஒரு சொல்லில் விட்டுக்கொடுத்தவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இவன் இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தான். அடுத்த ஞாயிறு மீதியைக் கொடுத்து வண்டியை எடுப்பதாகப் பேச்சு.

வழியெல்லாம் அவன் என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தான். "எக்ஸ்ரே கண்ணு அண்ணா உனுக்கு. பல்லு டாக்டரு கண்ணாடிய வெச்சே ரெண்டு லட்சம் அடிச்சிட்ட." நான் அவன் முதுகில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன்.

சட்டைப்பை நோட்டில் கிறுக்கியதை வாரத்தில் ஒரு நாள் பெரிய நாட்குறிப்பில் படி எடுப்பது என் வழக்கம். படி எடுக்கும்போது தேதி வரிசைப்படி எழுதுவேன். புதன்கிழமை மதியம், பி ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன், அந்தக் காரின் மூன்று தேதிகளையும் வரிசைப்படுத்தினேன். வலது விளக்கு, கார் செய்த நாளிலிருந்து மூன்று வருடம் இரண்டு மாதம் கழித்து வார்த்தது. இடது விளக்கு அதற்கு நாலு மாதம் பிறகு. முன் கண்ணாடி அதற்கும் ஆறு மாதம் பிறகு.

பேனாவை வைத்துவிட்டேன்.

ஓர் அடி என்றால் மூன்றும் ஒரே வாரத்தில் உடையும், ஒரே பட்டறையில் மாறும். அலமாரியில் கிடந்த பழைய சரக்கைப் போட்டார்கள் என்றாலும் இப்படி ஒழுங்காகப் படி இறங்காது. கார் தேதியோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டேனே தவிர, ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவில்லை. தேதி எழுதுவதையே வாழ்க்கையாக வைத்திருப்பவன் செய்த தப்பு இது. அந்தக் கார் எதிலும் மோதவில்லை. யாரோ பத்து மாத காலத்தில் ஒவ்வொன்றாக, எதையோ சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள். எதை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் இரண்டு லட்சம் தவறு, அந்த அம்மாவின் உடைந்த குரலும் தவறு என்பது மட்டும் தெரிந்தது. ஞாயிறு வருவதற்கு மூன்றரை நாள் இருந்தது.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். அவருடைய கம்பெனி பஸ் ஐந்தே முக்காலுக்குக் கூட்டுரோட்டில் ஆள் இறக்கும் என்று விசாரித்து வைத்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருந்தன. ஷிப்ட் விட்ட கூட்டம். வெயில் இறங்கி, லாரிகள் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன.

அவர் இறங்கினார். முதுகு வலிக்காரர் போல நடக்கவில்லை. நிமிர்ந்துதான் இருந்தார். ஆனால் ரோட்டைக் கடக்கவில்லை. ஐந்து நிமிடம் நின்றார். நாலு பெண்கள் சேர்ந்து கடந்தபோது அவர்கள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, அவர்கள் நின்றபோது நின்று, நடந்தபோது நடந்து இந்தப் பக்கம் வந்தார். நேராக என்னைப் பார்த்தபடியே என்னைத் தாண்டினார். இரண்டடி தூரம். ஐந்து நாளைக்கு முன் அவர் வீட்டில் காபி குடித்தவன் நான்.

"சார்" என்றேன்.

நின்றார். குரலை வைத்து அடையாளம் தேடினார். சொன்னேன்.

"அட, நீங்களா. மங்கின நேரம் பாருங்க, முகம் சட்டுனு தெரியல."

நோட்டை எடுத்தேன். எடுத்துப் பயனில்லை என்று மறுபடி பைக்குள் வைத்தேன். "மொதல்ல வலது விளக்கு மாத்தியிருக்கீங்க" என்றேன். "நாலு மாசம் கழிச்சு இடது. அப்புறம் கண்ணாடி. வண்டி எங்கயும் இடிக்கல சார்."

ஒரு டிரெய்லர் போய் முடிந்தது.

"வலது லைட்டு மங்கலா எரியுதுன்னு நெனச்சேன்" என்றார். "மெக்கானிக் நல்லாத்தான் இருக்குன்னான். அவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு வேற எடத்துல மாத்தினேன். ஒரு மாசம் நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. பெறவு இடது. பெறவு எதிர்ல வார லைட்டெல்லாம் பஞ்சு மாதிரி பரவுச்சு. கண்ணாடிலதான் கோளாறுன்னு அதையும் மாத்தினேன். நான் மெயின்டனன்ஸ் ஆளுல்லா. கோளாறுன்னா பார்ட்ட மாத்தணும், அவ்வளவுதான் தெரியும்." கொஞ்சம் சிரித்தார். "கடைசில டாக்டர்ட்ட போனா, சுகர்னாரு. கண்ணுக்குப் பின்னால ரத்தக் கசிவு. ஊசி போட்டுக்கிட்டிருக்கேன். அன்னைக்கே சாவியக் கீழ வச்சிட்டேன். அதுக்குப் பெறவு எதையும் ஓட்டல. அத மட்டும் நம்புங்க."

"வீட்டில?"

"முதுகு வலின்னு சொல்லிருக்கேன்."

"அன்னைக்கு நீங்க மறுத்திருக்கலாமே. ரெண்டு லட்சம் சார்."

"மறுத்தா அப்ப எதுக்கு மாத்தினீயன்னு கேப்பாளே." கையிலிருந்த சாப்பாட்டுப் பையை மாற்றிப் பிடித்தார். "இடிச்சதாவே இருக்கட்டும். இடிச்சவன்னா திட்டுவா, பெறவு மறந்திருவா. திரும்ப வண்டி எடுப்பான்னும் நெனப்பா. இது அப்படி இல்ல."

பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னேன். அவர் வேண்டாம் என்றார். ஒரு விலை நியாயம் என்றால் இரண்டு பேரும் மனசாரச் சம்மதித்தது என்று நாம் சொல்கிறோம். இவர் மனசாரத்தான் சம்மதித்தார். இரண்டு லட்சம் கொடுத்து ஒரு பொய்யை வாங்கினார், என்னிடமிருந்து. விற்றவன் நான் என்பதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

"நான் தப்பாப் படிச்சுட்டேன்னு சொல்லிடறேன்" என்றேன். "சின்னக் கண்ணாடியில பாத்தா இடம் வலம் மாறித் தெரியும். புதுசா டிரெய்னிங் வர பசங்க மொத நாள் செய்யற தப்பு. அம்புக்குறி, நம்பர் ரெண்டையும் திருப்பிப் படிச்சுட்டேன், லைட்டு ரெண்டும் ஒரிஜினல்தான்னு சொல்றேன். முன் கண்ணாடி கல்லு பட்டு மாத்தினதுன்னு வெச்சுக்கலாம். ஜல்லி லாரி போற ரோடு, இங்க யார் கண்ணாடிதான் ஒடையல."

"உங்க பேரு கெட்டுருமே" என்றார்.

பேர் கெட்டால் ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்று ஓர் அற்ப எண்ணம் வந்தது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை டெஸ்பாட்ச் மேடையில் அவனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நீயா? தப்பா படிச்சியா?"

"ஆமா. கண்ணாடியில திரும்பித் தெரிஞ்சுது."

"இருவத்தி மூணு வருசம் திரும்பித் தெரியல, என் கார்லதான் தெரிஞ்சுதா?" லோடு சீட்டை மடித்துப் பையில் வைத்தான். "சரி, தப்பாவே இருக்கட்டும். அவரே ஒத்துக்கினாரு, அட்வான்ஸ் குட்தாச்சு, முட்ஞ்சிது. நீ இன்னாத்துக்குப் போய் நோண்டுற?"

"எட்டே கால், எட்டரை போற வண்டி. ஏழுக்கு எடுக்கறது நியாயம் இல்ல."

"நியாயம்!" என்றான். பக்கத்தில் நின்ற டிரைவர் திரும்பிப் பார்த்தார். "எங்க நெலத்த அளக்க வந்தவன் கெணத்த எழுதாம வுட்டுட்டுப் போனான். கெணறு கீதுடா, தண்ணி கீதுடான்னு எங்கப்பா பின்னாலயே ஓடுச்சு. தரிசுன்னு வெல போட்டான். அவன் என்னிக்காவது, தப்பா எழுதிட்டேன் பெரியவரே, இந்தா மீதின்னு திரும்பி வந்தானா? நீயே சொல்லு."

அவன் அப்பா ஓடியது எனக்குத் தெரியாது, கேன்டீனில் அதை அவன் சொன்னதில்லை. டிரெய்லர் பின்னால் எடுக்க ஆரம்பித்தது. அவன் விசில் ஊதிக்கொண்டே அதன் கூட நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. பைக்கில் உட்கார்ந்தபடியே சொன்னான். "எட்டு. அதுக்கு மேல ஒரு பைசா ஏற மாட்டேன். வண்டிக்கு டயரு வேற போடணும். ஏறு. வந்து நீயே சொல்லு ஒன் தப்ப, என்னால ஒனக்கோசரம் பொய் பேச முடியாது."

எந்தப் பொய்யைச் சொல்கிறான் என்று நான் கேட்கவில்லை.

அதே சோபா, அதே காபி. நான் நின்றுகொண்டே சொன்னேன். சின்னக் கண்ணாடியை எடுத்துக் காட்டி, அம்புக்குறி எப்படித் திரும்பித் தெரியும் என்று விளக்கினேன். காதுமடல் சுட்டது. இருபத்து மூன்று வருடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு எத்தனையோ முறை எச்சரித்த அதே தப்பை, என் தப்பு என்று முழு வாக்கியங்களில் சொன்னேன். "வண்டி எங்கயும் இடிக்கலைம்மா. சாரை அனாவசியமா சங்கடப்படுத்திட்டேன். மன்னிச்சுக்கணும்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அப்ப எதுக்குப் பட்டிருக்கும்னு சொன்னீய?"

"அவரு டெஸ்ட் பண்றவரு. அவரே சொல்லும்போது நான் என்னத்தச் சொல்ல?"

"ஒங்க வண்டி இடிச்சுதா இல்லியான்னு ஊர்க்காரரு வந்து சொல்லணுமாக்கும்!" திட்டத்தான் செய்தார். ஆனால் போன வாரம் உடைந்திருந்த குரல் இன்று உடையவில்லை. "ஒரு வாரமா தூக்கமில்ல எனக்கு. யாரையோ போட்டுத் தள்ளிட்டு வந்து மறச்சிட்டியளோன்னு."

எட்டு லட்சத்துக்கு முடிந்தது. நான் சொல்லியிருக்கக்கூடிய விலைக்கு அது கொஞ்சம் குறைவு. அவன் கொடுக்க நினைத்ததற்கு அதிகம். அவர் எதிர்பார்த்ததற்கும் அதிகம். தாள்களில் கையெழுத்துப் போடும் இடம் வந்தது. அந்த அம்மா எழுந்து போய் ஜன்னல் திரையை முழுதாக விலக்கினார். வந்து, கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே தன் ஆள்காட்டி விரலைக் கிடையாக வைத்தார். அவர் அந்த விரலுக்கு மேலே ஒட்டியபடி கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அந்த அம்மா காபியை அவர் கையில் கொடுத்து, விரல்கள் பிடிக்கும்வரை காத்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும் என்பதற்கு என்னிடம் தேதி இல்லை. கணவர் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று அந்த அம்மாவும் ஒரு முடிவில் இருந்திருக்கிறார்.

வண்டி கிளம்பி ஸ்பீடு பிரேக்கரில் உரசியது. மாடியில் வண்டியை விற்றவர் அந்தச் சத்தத்துக்குச் சிரித்தது கீழே கேட்டது.

என் பேர் கெட்டது. அவன் பார்த்துக்கொண்டான். திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் நான் தட்டோடு உட்கார்ந்ததும், "அண்ணா, இது சாம்பாரா ரசமா? கண்ணாடி வெச்சுப் பாத்து சொல்லு" என்றான். எட்டு பேர் சிரித்தார்கள். மோல்டிங்கில் இருப்பவர்கள் என்னைக் கண்டால் பெயர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார்கள். அந்தக் கார்த்திகை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான்கு ஞாயிறும் "ஓய்வு" என்று எழுதியிருக்கிறேன்.

பேச்சு மேலே போனதும் குவாலிட்டி மேனேஜர் என்னை ஆண்டுக் கண் பரிசோதனைக்கு முன்கூட்டியே அனுப்பினார். முதலுதவி அறையில் நர்ஸம்மா சுவரில் எழுத்து அட்டையை மாட்டிவிட்டு, ஒரு கண்ணை மூடச் சொன்னார். கடைசி வரிவரை படித்தேன். மறு கண். மறுபடி கடைசி வரி. அதற்கும் கீழே, அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்ட மாதமும் வருடமும் இருந்தன. அதையும் படித்தேன்.

நர்ஸம்மா எழுந்து போய் அட்டையின் ஓரத்தைக் குனிந்து பார்த்தார். "இவ்ளோ நல்லாத் தெரியுதே சார். அப்புறம் எப்படித் தப்பாப் படிச்சீங்க?"

"அன்னைக்கு ரொம்ப அசதி" என்றேன். அது உண்மை.